படுதோல்வி ஒரு குத்துச்சண்டை வீரரின் மனத்தில் விட்டுச்செல்வது என்ன?

உங்கள் தம்பி எட்டு மாதங்களுக்கு முன்பு ஒரு போட்டியின் முதல் சுற்றிலேயே நாக் அவுட் ஆகி விழுந்ததாகவும், மருத்துவப் பரிசோதனைகளில் குறை எதுவும் தெரியவில்லை என்றாலும் அவர் இன்றுவரை பழைய ஆளாக இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பயிற்சிக்குப் போனாலும் கையை நீட்டத் தயங்குகிறார், வீட்டில் எவருடனும் முகம்கொடுத்துப் பேசுவதில்லை, அந்தப் போட்டியைப் பற்றிய பேச்சு எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். ஒருமுறை இப்படி நொறுங்கியவர்கள் மீளவே மாட்டார்கள் என்று சொல்கிறார்களே, அது உண்மையா, அந்த ஒரு இரவு ஏன் இத்தனை மாதங்கள் கழித்தும் விலகாமல் நிற்கிறது என்பது உங்கள் கேள்வி.

பலர் மாறிவிடுகிறார்கள் என்பது உண்மை; மீளவே மாட்டார்கள் என்பது உண்மையில்லை. ஆனால் என்ன மாறுகிறது என்பதைப் பற்றி வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறாகவே நினைக்கிறார்கள். அடிவாங்கிய பயம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். சிறு வயதிலிருந்து தினமும் பயிற்சிச் சண்டையில் குத்து வாங்கிப் பழகிய ஒருவருக்கு வலி புதிதன்று. உடைந்த மூக்கோடும் கிழிந்த புருவத்தோடும் சுற்று முடியும்வரை நின்றவர்கள்தான் இவர்கள். எந்த நேரத்திலும் சொன்னதைக் கேட்கும் என்று அவர்கள் நம்பியிருந்த உடம்பு, பலர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேட்காமல் போய்விட்டதும், அது எப்படிப் போனது என்பது தங்களுக்கே தெளிவாகத் தெரியாததும்தான் ஆறாமல் இருக்கிறது. அந்த இரவில் நடந்ததற்கு ஒருவர் தனக்குள் என்ன கணக்குச் சொல்லிக்கொள்கிறார் என்பதைப் பொறுத்தே பிறகு அவர் எந்தப் பக்கம் போவார் என்பது அமைகிறது என்பது என் உறுதியான எண்ணம். கீழே எழுதுவதெல்லாம் அதைச் சுற்றியதுதான்.

முதலில் நினைவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தலையில் விழும் பலமான குத்து மூளையை மண்டையோட்டுக்குள் சட்டென்று சுழற்றும்போது, அந்தச் சில நிமிடங்களின் நினைவு பதியாமலே போவது வழக்கம். விழுந்தவருக்குக் குத்து வந்தது தெரியாது, நடுவர் பத்துவரை எண்ணும் எண்ணிக்கை கேட்டிருக்காது, எழ முயன்று தடுமாறியதும் தெரியாது. கண் தெளியும்போது நடுவரின் முகமும் மருத்துவரின் சிறு விளக்கும் முன்னால் இருக்கின்றன. தான் தோற்றதையே அவர் மற்றவர்களின் முகங்களைப் பார்த்துத்தான் அறிந்துகொள்கிறார். சுற்றியிருந்த அத்தனை பேரும் பார்த்த ஒன்றை, அது யாருக்கு நடந்ததோ அவர் மட்டும் பார்க்கவில்லை. பிறகு காணொளியில் அதை முதன்முறையாகப் பார்க்கும்போது, கீழே கிடக்கும் அந்த உடம்பு வேறொருவருடையது போலவே தோன்றும். இந்த இடைவெளியை மனம் சும்மா விட்டுவைப்பதில்லை. இரவில் படுத்தால் அதையே திரும்பத் திரும்ப அசைபோட்டு, இல்லாத நினைவுக்குப் பதிலாகக் கற்பனையை இட்டு நிரப்புகிறது. அந்தக் கற்பனை எப்போதும் உண்மையைவிட மோசமாகவே இருக்கிறது.

இந்த அவமானத்தை ஃப்ளாய்ட் பேட்டர்சன் அளவுக்கு வெளிப்படையாகச் சொன்ன வீரர் வேறு யாரும் இல்லை என்று நினைக்கிறேன். 1959 ஜூன் 26 அன்று நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் இங்கமார் யோஹான்சன் அவரை மூன்றாவது சுற்றில் ஏழு முறை வீழ்த்தி, எடை மிகுந்த வீரர்களுக்கான ஹெவிவெயிட் உலகப் பட்டத்தைப் பறித்தார். ஓராண்டுக்குள் பேட்டர்சன் மறுபோட்டியில் வென்று, இழந்த ஹெவிவெயிட் பட்டத்தை மீட்ட முதல் வீரர் என்ற பெயரையும் பெற்றார். ஆனால் 1962 செப்டம்பர் 25 அன்று சிகாகோவில் சன்னி லிஸ்டன் அவரை 2 நிமிடம் 6 விநாடிகளில் வீழ்த்தினார். தோற்றால் யார் கண்ணிலும் படாமல் போய்விட வேண்டும் என்பதற்காக அவர் முன்கூட்டியே ஒட்டுத்தாடியும் மீசையும் எடுத்து வைத்திருந்தார். அன்றிரவு அவற்றை அணிந்துகொண்டு சிகாகோவிலிருந்து நியூயார்க் நோக்கிக் காரில் கிளம்பினார். பிறகு மாட்ரிட் நகரத்துக்குப் பறந்து, அங்கும் மாறுவேடத்தில், காலைத் தாங்கித் தாங்கி நடந்து வயதானவர் போலத் திரிந்தார். உலகப் பட்டம் வென்ற ஒரு மனிதர், தம்மை எவருக்கும் தெரியாத ஊரிலும் முகத்தை மறைத்துக்கொண்டார் என்பதை எத்தனை முறை நினைத்தாலும் மனம் கனக்கிறது.

பின்னர் ஒரு பத்திரிகையாளரிடம் பேசும்போது பேட்டர்சன் சொன்ன விவரம் உங்கள் தம்பியைப் புரிந்துகொள்ள உதவும். நாக் அவுட் ஆகி விழும் அந்தக் கணம் வலிப்பதில்லை, சொல்லப்போனால் இதமாகவே இருக்கிறது, மிதப்பது போன்ற உணர்வோடு சுற்றியிருக்கும் எல்லோர் மீதும் அன்பு பெருகுகிறது என்றார். அது கலைந்து, தான் எங்கே இருக்கிறோம், என்ன நடந்தது என்று தெரியும்போதுதான் வேதனை தொடங்குகிறது. அது உடம்பின் வேதனை இல்லை, மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற வேதனை. அந்த நேரத்தில் மேடையின் நடுவே ஒரு கதவு திறந்து தன்னை நேராக உடைமாற்றும் அறைக்குள் இறக்கிவிட்டால் போதும் என்று தோன்றும் என்றார். கூட்டத்தைக் கடந்து நடந்துபோக வேண்டியிருப்பதுதான் தோல்வியிலேயே கொடியது என்பது அவருடைய அனுபவம். உங்கள் தம்பி எழுந்து போய்விடுவதும் அந்தக் கதவைத் தேடித்தான்.

குற்றவுணர்வுக்கும் அவமானத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே கவனிக்க வேண்டும். தவறு செய்துவிட்டேன் என்று நினைப்பவர் அந்தத் தவறைத் திருத்த வழி தேடுவார். நானே குறைபட்டவன் என்று நினைப்பவருக்குத் திருத்த எதுவும் இல்லை, ஒளிந்துகொள்வது ஒன்றுதான் வழியாகத் தெரிகிறது. குத்துச்சண்டை வீரரை இந்த இரண்டாவது பக்கம் தள்ளுவதற்கு இந்த விளையாட்டின் அமைப்பே போதும். பதினொரு பேர் ஆடும் ஆட்டத்தில் தோல்வியைப் பங்கிட்டுக்கொள்ளலாம். இங்கே இடுப்புக்கு மேல் உடையில்லாமல் விளக்கொளியில் தனியாக நிற்கும் ஒரு மனிதர், தம்மோடு மாதக்கணக்கில் உழைத்தவர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்க, இன்னொருவரின் கையால் வீழ்த்தப்படுகிறார். ஒருமுறையும் தோற்காதவர் என்ற கணக்குக்குச் சந்தையில் தனி விலை இருப்பதால், முதல் தோல்வியோடு அடுத்த போட்டிக்குக் கிடைக்கும் பணமும் குறையக்கூடும். பல இளைஞர்களுக்கு அந்தப் பயிற்சிக்கூடத்துக்கு வெளியே தம்மை அடையாளப்படுத்திக்கொள்ள வேறு பெயரே இருப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த அவமானத்தைத் தாங்க முடியாதபோது மனம் காரணங்களைத் தேடுகிறது. ஜார்ஜ் ஃபோர்மன் 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் முகமது அலியை எதிர்கொண்டபோது 40 போட்டிகளில் ஒன்றிலும் தோற்காதவர், அவற்றில் 37 நாக் அவுட் வெற்றிகள். எட்டாவது சுற்றில் அலி அவரை வீழ்த்தி உலகப் பட்டத்தைப் பறித்தார். அதற்குப் பிறகு ஃபோர்மன் சொன்ன காரணங்கள் பல. மேடையின் கயிறுகள் தளர்த்தப்பட்டிருந்தன, குடிக்கக் கொடுத்த தண்ணீரில் ஏதோ கலந்திருந்தது, நடுவர் வேகமாக எண்ணிவிட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் டொரான்டோவில் ஒரே நாளில் ஐந்து பேருடன் ஒருவர்பின் ஒருவராகக் காட்சிச் சண்டை போட்டார். எவராலும் வெல்ல முடியாதவன் நான் என்று உலகத்துக்கும் தமக்கும் ஒரே மூச்சில் நிரூபித்துவிட வேண்டும் என்ற தவிப்பையே நான் அதில் பார்க்கிறேன். அன்று அவருக்கு வயது 26.

2020 பிப்ரவரியில் டைசன் ஃபியூரியிடம் ஏழாவது சுற்றில் தோற்ற டியான்டே வைல்டர், மேடைக்கு நடந்து வந்தபோது அணிந்திருந்த 40 பவுண்டுக்கு மேற்பட்ட எடையுள்ள உடை தம் கால்களைச் சோரவைத்துவிட்டது என்றார்; எதிராளியின் கையுறையில் சந்தேகம் எழுப்பினார்; தம் உயிரைக் கருதித் துண்டை வீசிப் போட்டியை நிறுத்திய பயிற்சியாளர் மார்க் பிரீலாண்டை விலக்கினார். இவற்றைக் கேட்டுப் பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் சொல்பவர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டுவது எளிது. நான் தோற்கவில்லை, என்னைத் தோற்கடித்தது வேறு ஏதோ என்று நம்பினால்தான் அடுத்த நாள் காலையில் எழுந்து ஓடப்போக முடியும் என்ற நிலையில் ஒருவர் இருக்கக்கூடும். முதல் சில வாரங்களுக்கு அந்தக் காரணங்கள் எலும்பு முறிவுக்கு வைக்கும் கட்டுப் போல உதவுகின்றன. கட்டை அவிழ்க்க வேண்டிய காலம் வந்த பிறகும் அவிழ்க்காமல் விட்டால்தான் சிக்கல். திருத்த வேண்டிய பிழை அப்படியே இருக்கும், உண்மை சொன்ன மனிதர் விலக்கப்பட்டிருப்பார், மனத்தின் அடியில் அந்தச் சந்தேகமும் கிடந்து அரித்துக்கொண்டிருக்கும்.

உங்கள் தம்பி கையை நீட்டத் தயங்குகிறார் என்றீர்களே, அது கோழைத்தனம் இல்லை, நரம்புகள் கற்றுக்கொண்ட பாடம். ஒரு குறிப்பிட்ட நிலையில், எடுத்துக்காட்டாக இடது கையை நீட்டித் திரும்ப இழுக்கும் அந்த நொடியில், பேரிடி போன்ற ஒன்று நடந்திருந்தால், அறிவு மறந்தாலும் உடல் அந்த நிலையை ஆபத்தோடு சேர்த்து வைத்துக்கொள்கிறது. அதன் பிறகு அதே நிலைக்கு வரும்போதெல்லாம் கண் மூடும், தோள் இறுகும், கை அரை நொடி தாமதிக்கும். குத்துச்சண்டையில் அந்த அரை நொடி மிகப் பெரியது. தயங்கியதாலேயே மீண்டும் அடிபடுகிறார், அடிபட்டதால் தயக்கம் இன்னும் ஊன்றிக்கொள்கிறது. தைரியமாக இரு என்று அறிவுரை சொல்வதால் இது மாறாது. கற்ற பாடத்தை மெதுவாக, பாதுகாப்பான சூழலில், நூற்றுக்கணக்கான முறை வேறு பாடத்தால் மாற்றி எழுத வேண்டும்.

தயக்கத்தை அழிக்க முடியாவிட்டாலும் அதை ஒரு கலையாக மாற்றிக்கொள்ள முடியும் என்பதற்கு விளாடிமிர் கிளிட்ச்கோவைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. 2003 மார்ச்சில் ஹனோவரில் கோரி சாண்டர்ஸ் அவரை இரண்டாவது சுற்றில் வீழ்த்தினார். 2004 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் லேமன் புரூஸ்டர் ஐந்தாவது சுற்றில் அவரை நிற்க முடியாத நிலைக்குக் கொண்டுவந்தார். தாடையில் ஒரு குத்து பட்டாலே விழுந்துவிடுவார் என்ற பொருளில் கண்ணாடித் தாடை என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது, அவர் கதை முடிந்தது என்று எழுதினார்கள். பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டூவர்ட் அந்தப் பயத்தை மறுக்கச் சொல்லவில்லை என்றே அவர்களுடைய பிற்காலச் சண்டைகளைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுகிறது. அதைச் சுற்றியே ஒரு முறையைக் கட்டினார்கள். நீண்ட இடது கை ஜாப் (கையை நேராக நீட்டிச் சட்டென்று இழுக்கும் குத்து), எதிராளி நெருங்கினால் உடனே கட்டிப்பிடித்து அவன் கைகளை முடக்குதல், தேவையில்லாத ஒரு குத்தைக்கூடப் பரிமாறாமை. 2005 செப்டம்பரில் சாமுவேல் பீட்டர் அவரை மூன்று முறை கீழே தள்ளினார். மூன்று முறையும் எழுந்து புள்ளிக் கணக்கில் வென்றார். 2006 ஏப்ரலில் பெற்ற பட்டத்தை 2015 நவம்பர்வரை, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தார். பார்ப்பதற்கு அலுப்பாக இருக்கிறது என்று அவரைக் குறைசொன்னவர்கள் நிறையப் பேர். அந்த அலுப்புக்குள் எவ்வளவு நேர்மையான தன்னறிவு இருந்தது என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. 2019 ஜூனில் ஆண்டி ரூயிஸிடம் நான்கு முறை விழுந்து பட்டங்களை இழந்த ஆண்டனி ஜோஷுவா, அதே ஆண்டு டிசம்பரில் தள்ளி நின்று ஆடி, பன்னிரண்டு சுற்றுகளும் கவனமாகக் கடந்து மீட்டதும் இந்த வகைதான்.

விழாமலே நொறுங்குவதும் உண்டு, அதையும் சொல்லாமல் விட முடியாது. ராபர்ட்டோ டுரான் 1980 ஜூனில் சுகர் ரே லெனார்டை வென்றவர். ஐந்து மாதங்கள் கழித்து நியூ ஆர்லியன்ஸில் நடந்த மறுபோட்டியில், லெனார்ட் கேலி செய்து கேலி செய்து ஆடிக்கொண்டிருக்க, எட்டாவது சுற்றில் முதுகைத் திருப்பி, இனி வேண்டாம் என்று கையசைத்துவிட்டார். வயிற்றுப் பிடிப்பு என்றார் பிறகு. எலும்பு எதுவும் உடையவில்லை, நினைவு தப்பவில்லை, ஆனால் பனாமாவின் வீரத்திருமகனாக இருந்தவர் ஒரே இரவில் ஊர் வசைபாடும் மனிதரானார். குத்து வாங்கி விழுந்தவருக்கு உடம்பு என்னைக் கைவிட்டது என்று சொல்லிக்கொள்ளவாவது வழியுண்டு. தாமே நிறுத்தியவருக்கு அதுவும் இல்லை. அவர் எழுந்துநிற்க இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1983 ஜூன் 16 அன்று, தம் 32ஆம் பிறந்தநாளில், டேவி மூரை வென்று மீண்டும் உலகப் பட்டம் பெற்றார். நசீம் ஹமீது அப்படி எழவில்லை. 2001 ஏப்ரலில் மார்க்கோ அந்தோனியோ பரேரா பன்னிரண்டு சுற்றுகளும் அவரைப் பாடம் நடத்துவது போல் அடித்து வென்ற பிறகு, 35 வெற்றிகளோடு வந்த அந்த இளைஞர் இன்னும் ஒரே ஒரு போட்டியில் மட்டும் ஆடிவிட்டு, முப்பது வயதைத் தொடுவதற்கு முன்பே மேடையைவிட்டு விலகிக்கொண்டார்.

ஜோ ஃபிரேசியரின் நிலைமை இன்னொரு விதம். 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஃபோர்மன் அவரை ஆறு முறை கீழே தள்ளி இரண்டாவது சுற்றிலேயே முடித்தார். அதை அவர் கடந்துவிட்டார். 1975 அக்டோபர் 1 அன்று மணிலாவில் அலியோடு பதினான்கு சுற்றுகள் ஆடி, கண்கள் வீங்கி ஏறக்குறையப் பார்வையே இல்லாத நிலையில் அமர்ந்திருந்தபோது, பயிற்சியாளர் எடி ஃபட்ச் பதினைந்தாவது சுற்றுக்கு அவரை அனுப்ப மறுத்தார். ஃபிரேசியர் போகிறேன் என்றுதான் சொன்னார். அந்த முடிவு சரியானது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை, ஒரு மனிதரின் உயிரையே அது காப்பாற்றியிருக்கக்கூடும். ஆனாலும் தம் கையில் இல்லாமல் முடிந்துபோன ஒரு சண்டை உள்ளே முடிவதில்லை. அலி மீதான கசப்பு ஃபிரேசியரிடம் பல பத்தாண்டுகள் ஆறாமல் இருந்தது. அலி அவரைப் பொதுவெளியில் இழிவுபடுத்தியதும் அதற்குப் பெரிய காரணம்.

இத்தனையும் சொன்ன பிறகு, நீங்கள் மிகவும் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். மனம் என்று நாம் சொல்வது மூளையில்தான் இருக்கிறது, அடிபட்டதும் அதே மூளைதான். ஆகவே தோல்விக்குப் பின் வரும் எல்லாவற்றையும் அவமானம், தன்னம்பிக்கைக் குறைவு என்று விளக்கிவிடுவது ஆபத்து. தூக்கம் கலைவது, சிறு காரியத்துக்கும் எரிந்து விழுவது, பேச்சில் தடுமாற்றம், வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமை, எதிலும் நாட்டம் இல்லாமை ஆகியவை தலைக்காயத்தின் பின்விளைவுகளாகவும் இருக்கலாம். வழக்கமான ஸ்கேன் படங்களில் இந்த வகைக் காயம் பெரும்பாலும் தெரிவதில்லை. பரிசோதனையில் குறையில்லை என்றால் இரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இல்லை என்றுதான் பொருள். ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் 1928இலேயே, தலையில் தொடர்ந்து அடிவாங்கிய வீரர்களுக்குக் குடிபோதையில் இருப்பவரைப் போன்ற தள்ளாட்டமும் மனத்தளர்ச்சியும் வருவதை விவரித்தார். 1973இல் இங்கிலாந்தில் 15 முன்னாள் வீரர்களின் மூளைகளை ஆராய்ந்த கார்செலிஸ் குழுவினர், அந்தச் சேதம் திசுக்களில் எப்படி அமைந்திருக்கிறது என்பதையே காட்டினார்கள்.

மெல்ட்ரிக் டெய்லரின் வாழ்க்கை மனக்காயம், மூளைக்காயம் என்ற இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடியாது என்பதைக் காட்டுகிறது. 1990 மார்ச் 17 அன்று ஹூலியோ சேசர் சாவேஸுக்கு எதிராக மேடைக்கு வெளியே இருந்து புள்ளி போடும் மூவரில் இருவரின் அட்டையில் முன்னிலையில் இருந்த அவர், கடைசிச் சுற்றில் விழுந்து எழுந்து நின்றபோது, நடுவர் ரிச்சர்ட் ஸ்டீல் போட்டியை நிறுத்தினார். அப்போது மீதமிருந்தவை 2 விநாடிகள். அந்த இரண்டு விநாடிகள்தான் அவரை அழித்தன என்று பேசுவார்கள். அன்றிரவு அவர் வாங்கிய அடிகளையும், முகத்தில் ஏற்பட்ட எலும்பு முறிவையும், பின்னாளில் அவர் பேச்சே குழறிப்போனதையும் சேர்த்துப் பார்த்தால், எது ஏமாற்றத்தின் விளைவு, எது காயத்தின் விளைவு என்று எவராலும் கோடு கிழிக்க முடியாது. பேட்டர்சனும் நியூயார்க் மாநிலக் குத்துச்சண்டை ஆணையத்தின் தலைவராக இருந்து, 1998இல் ஒரு சட்ட விசாரணையில் தம் பழைய போட்டிகளைக்கூட நினைவுகூர முடியாமல் போனபின் பதவி விலகினார். 2006இல் மறைந்தபோது அவருக்கு அல்சைமர் நோய் இருந்தது.

எனவே உங்கள் தம்பியை நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்று, ஸ்கேனோடு நிறுத்தாமல், நினைவாற்றல், கவனம், எதிர்வினை வேகம் ஆகியவற்றை அளக்கும் சோதனைகளைச் செய்யச் சொல்லுங்கள். நாக் அவுட்டுக்குப் பிறகு போட்டி அமைப்புகள் 30 நாள், 60 நாள், 90 நாள் என்று விதிக்கும் தடைக்காலம் குறைந்தபட்சக் காவல் மட்டுமே. அது முடிந்த நாளில் மூளையோ மனமோ தேறியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

தனிமையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெற்றிபெற்றவரின் அறையில் நிற்க இடமிருக்காது. தோற்றவரின் அறையில் சில நிமிடங்களில் குடும்பத்தாரும் பயிற்சியாளரும் மட்டுமே மிஞ்சுவார்கள். அழைப்புகள் குறைகின்றன. பயிற்சி இல்லாததால் நாளின் ஒழுங்கு கலைகிறது, பலருக்கு அந்த இடத்தை மது நிரப்புகிறது. ரிக்கி ஹாட்டன் 2007 டிசம்பரில் ஃப்ளாய்ட் மேவெதரிடமும், 2009 மே மாதத்தில் மேனி பாக்கியாவோவிடம் இரண்டாவது சுற்றின் கடைசி நொடியிலும் வீழ்ந்த பிறகு வந்த மனச்சோர்வையும், மது, போதைப்பொருள் பழக்கத்தையும், தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதையும் ஒளிவுமறைவின்றிப் பேசினார். அப்படிப் பேசியதால் எத்தனையோ வீரர்கள் தங்களைப் பற்றி வாய்திறக்கத் துணிந்தார்கள். 2025 செப்டம்பரில் 46 வயதில் அவர் இறந்தார். அந்த மரணத்தை ஏதோ ஒரு தோல்வியோடு முடிச்சுப்போடுவது அநீதி, நான் அதைச் செய்ய மாட்டேன். அவர் துணிந்து பேசியதை நன்றியோடு நினைவுகூரவே இங்கே எழுதுகிறேன். உங்கள் தம்பி வாழ்ந்து என்ன பயன் என்பது போன்ற ஒரு வார்த்தை சொன்னாலும், பொருள்களை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினாலும், காரணமில்லாமல் விடைபெறுவது போல் பேசினாலும், அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், தனியே விடாதீர்கள். உயிரை விட்டுவிட எண்ணுகிறாயா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்கலாம், கேட்க வேண்டும்.

இனி, அந்த இரவின் கணக்கை அவர் எப்படிச் சரிபார்ப்பது என்பதற்கு வருகிறேன். காணொளியை அவர் ஒருநாள் பார்க்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து, ஆனால் தனியாகக் கைபேசியில் நள்ளிரவில் அன்று. அவர் மனம் ஒப்பும் நாளில், அவர் மதிக்கும் பயிற்சியாளரோடு, குத்து விழும் நொடியிலிருந்து தொடங்காமல் முதல் மணியிலிருந்து, ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்கட்டும். விழுந்தபின் வரும் காட்சிகளால் ஒரு பயனும் இல்லை, அவற்றைத் தவிர்த்துவிடலாம். தேட வேண்டியது ஒன்றுதான்: அந்தக் குத்து வருவதற்கு முந்தைய பத்து விநாடிகளில் கால் எங்கே இருந்தது, கை எங்கே இருந்தது, கண் எதைப் பார்த்தது. 1936இல் மாக்ஸ் ஷ்மெலிங் ஜோ லூயிஸைப் பன்னிரண்டாவது சுற்றில் வீழ்த்தினார். லூயிஸ் இடது கை ஜாபை வீசிவிட்டுக் கையைத் தாழ்த்துகிறார், அந்த இடைவெளியில் வலது கையைச் செலுத்தலாம் என்பதை ஷ்மெலிங் முன்கூட்டியே கண்டுவைத்திருந்தார். பிழை அது என்று தெரிந்தபின் லூயிஸுக்கு வேலை எளிதாயிற்று. 1938 ஜூன் 22 அன்று மறுபோட்டியை 124 விநாடிகளில் முடித்தார். நான் குறைபட்டவன் என்பது, என் இடது கை தாழ்ந்துவிட்டது என்பதாகச் சுருங்கும்போது மனத்தின் பாரமும் அதற்கேற்பச் சுருங்குகிறது.

ஆனால் மறுபோட்டியையே மருந்தாக எண்ணிவிட வேண்டாம். லெனாக்ஸ் லூயிஸ் 2001 ஏப்ரலில் ஹசீம் ரஹ்மானிடம் தோற்று, அதே நவம்பரில் நான்காவது சுற்றில் அவரை வீழ்த்தித் தீர்த்துக்கொண்டார் என்பது சரிதான். அவர் முதல் சண்டைக்குத் தக்கபடி தயாராகாமல் வந்திருந்தார், அடுத்ததற்கு அதைத் திருத்திக்கொண்டார். பேட்டர்சன் 1963இல் லிஸ்டனை மீண்டும் எதிர்கொண்டபோது எதுவும் மாறியிருக்கவில்லை. அவமானத்தைத் துடைக்க வேண்டும் என்ற தவிப்பு மட்டுமே கூடியிருந்தது. அதுவும் முதல் சுற்றிலேயே, 2 நிமிடம் 10 விநாடிகளில் முடிந்தது. திருத்த வேண்டியது என்ன என்று தெரிந்து, அதைத் திருத்தவும் முடிந்தவருக்கே மறுபோட்டி உதவும்.

ஃபோர்மனின் மீதிக் கதையை இங்கே சொல்வது பொருந்தும். 1977 மார்ச்சில் ஜிம்மி யங்கிடம் தோற்ற இரவில் உடைமாற்றும் அறையில் அவருக்கு ஆழ்ந்த மத அனுபவம் ஒன்று ஏற்பட்டது. குத்துச்சண்டையை விட்டுப் பத்தாண்டுகள் போதகராக வாழ்ந்தார். கயிறு, தண்ணீர், எண்ணிக்கை என்ற கதைகளை மெல்லமெல்ல விட்டார், அலி தன்னைவிட நன்றாக ஆடினார் என்று ஒப்புக்கொண்டார், இருவரும் நெருங்கிய நண்பர்களானார்கள். 1994 நவம்பர் 5 அன்று, தம் 45ஆம் வயதில், கின்ஷாசாவில் அணிந்த அதே சிவப்புக் காற்சட்டையை அணிந்து மேடையேறி, பத்தாவது சுற்றில் மைக்கேல் மூரரை வீழ்த்திப் பட்டத்தை மீட்டார். இருபது ஆண்டுகள் அந்தத் துணியை அவர் தூக்கி எறியவில்லை. வெற்றியைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்; தோல்வியின் அடையாளத்தை ஒளித்துவைக்கத் தேவையில்லாத இடத்துக்கு அவர் வந்துசேர்ந்திருந்தார். பேட்டர்சனின் ஒட்டுத்தாடி அதற்கு எதிர்ப்பக்கம்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் இல்லை. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்லாதீர்கள்; அடுத்த முறை உண்டா என்பதே அவருக்குத் தெரியாத நேரம் இது. அந்தப் போட்டியைப் பற்றிய பேச்சை வீட்டில் விலக்கப்பட்ட பொருளாகவும் ஆக்காதீர்கள். குத்துச்சண்டையோடு தொடர்பில்லாத வேலைகளில் அவரைக் கூட்டிக்கொள்ளுங்கள், அவருடைய உதவி உங்களுக்கு உண்மையாகவே தேவைப்படும் வேலைகளாகப் பார்த்து. விளையாட்டு உளவியலாளர் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலில் அனுபவமுள்ள எந்த மனநல வல்லுநரும் போதும்.

பயிற்சிக்குத் திரும்புவதாக இருந்தால், மருத்துவர் அனுமதித்த பிறகு, முதலில் எதிராளி இல்லாமல் காற்றில் குத்தும் நிழற்சண்டை, பிறகு பயிற்சியாளர் பிடிக்கும் கைப்பட்டையில் அடிக்கும் பயிற்சி, அதன்பின் தலையில் குத்தக் கூடாது என்ற விதியோடு ஒரு நம்பிக்கையான துணையோடு மெதுவான பயிற்சிச் சண்டை என்று வாரக்கணக்கில் படிப்படியாகப் போகட்டும். எவ்வளவு பலமாகக் குத்துகிறார் என்பதைப் பயிற்சியாளர் பார்க்க வேண்டாம். மெல்லிய குத்து வரும்போது கண் திறந்திருக்கிறதா, வாங்கிய உடனே பதில் கொடுக்கிறாரா அல்லது பின்வாங்கி நின்றுவிடுகிறாரா, அன்றிரவு தூங்கினாரா என்பவற்றைக் கவனிக்கட்டும். சில மாதங்கள் கழித்தும் கண் மூடிக்கொண்டே இருந்தால், வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்கிறது என்பதை நீங்களே முதலில் அவரிடம் சொல்லுங்கள். யாரும் கேலி செய்யாத ஒரு வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் உள்ளே இருப்பதா வெளியே போவதா என்பதை அவரால் தாமாகத் தீர்மானிக்க முடியும். அந்த முடிவுக்கு நாள் குறிக்காதீர்கள்.